முதலில் சாவி, அப்புறம் கடுதாசி

1

போன செவ்வாய்க்கிழமை என் பாஸைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். மலேசியக்காரரைக் கட்டிக்கொண்டு வந்த வெளிநாட்டு மனைவிக்கு இங்கே தருகிற அனுமதிக்குப் பாஸ் என்றுதான் பெயர். சாத்தூரில் என் அப்பா பஸ் கண்டக்டராக இருந்தார். பாஸ் என்றால் எங்கள் வீட்டில் டிக்கெட் எடுக்காமல் பயணம் போகிற சலுகை. இங்கே அது இல்லாவிட்டால் என்னை இறக்கி விட்டுவிடுவார்கள். இருபத்து நான்கு வருஷமாக நான் இந்த நாட்டில் நின்றுகொண்டே பயணம் செய்கிறேன்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. படிவத்தில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் ஜொகூர் பாருவில் எங்கள் பெர்மாஸ் ஜெயா வீட்டின் எண்ணை எழுதியிருந்தேன். அவள் அதன் மேல் பேனாவை வைத்து, "இது உங்கள் கணவர் வீடு. உங்கள் முகவரி எங்கே?" என்று மலாயில் கேட்டாள்.

அப்பா இறந்த பிறகு சாத்தூர் வீட்டை விற்றாகிவிட்டது. கல்யாணமானதும் குடும்ப அட்டையிலிருந்து என் பெயரை நீக்கி, தாலுகா ஆபீஸில் ஒரு சான்று கொடுத்தார்கள். புகுந்த வீட்டு அட்டையில் சேர்த்துக்கொள்வதற்காக. அந்தக் காகிதம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. எந்த அட்டையிலும் யாரும் என்னைச் சேர்க்கவில்லை.

கடைசியில் கோயம்புத்தூரில் தம்பியின் அடுக்குமாடி வீட்டு முகவரியை எழுதினேன். அங்கே மொத்தம் மூன்று நாள் தூங்கியிருப்பேன். அந்தப் பெண்ணுக்குத் திருப்தி. முத்திரை விழுந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வரும்போது பாக்கியம் அக்காவை நினைத்துக்கொண்டேன். பொய்யாகவாவது எழுத எனக்கு ஒரு முகவரி இருந்தது. அவருக்கு அதுவும் இல்லாமல் இருந்ததைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

2

வாட்ஸ்அப்பில் என் சித்தி மகன், "அக்கா, மலேசியாவிலுமா பிளாட்பாரத்துல படுக்கிறாங்க?" என்று கேட்டான். அவனுக்கு நான் அனுப்பியதெல்லாம் சிங்கப்பூர் போகிற பாலத்தின் படமும் பெரிய கடைகளின் படமும்தான். இப்போது யாரைக் குறை சொல்வது?

படுக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு பெரிய சாலை. அதன் இரு பக்கமும் கடை வரிசைகள். கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஒரு நடைபாதை உண்டு. ஐந்தடி என்பார்கள் இங்கே. சனிக்கிழமை காலையில் எங்கள் மாதா கோயில் பெண்கள் அங்கே சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்போம். எல்லாரும் மஞ்சள் டீ-ஷர்ட் போட்டிருப்போம். முடிந்ததும் போட்டோ எடுத்துக்கொள்வோம். அந்தப் போட்டோக்களில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, அடைத்துக் கிடந்த ஒரு முடிவெட்டும் கடை வாசலில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். தலை வாரி, பொட்டு வைத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு யாரோ அழைக்கக் காத்திருப்பவர் மாதிரி. நான் பொட்டலத்தை நீட்டினேன்.

"சாப்பாடு வேணாம் மேடம். சனிக்கெழமை நீங்க குடுக்கிறீங்க. ஞாயித்துக்கெழமை முருகன் கோயில்காரங்க. பொதன் சீனவங்க. வெள்ளிக்கெழமை சூராவ்லேருந்து கொண்டாறாங்க. சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல. உங்க வீட்டு அட்ரஸ் குடுப்பீங்களா?"

சூராவ் என்றால் சிறிய பள்ளிவாசல். அது தெரியும், முகவரி எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை.

"லெட்டர் வர்றதுக்கு மட்டுந்தான். நான் அங்க வந்து ஒக்காந்துக்க மாட்டேன். அட்ரஸ் இல்லன்னா ஒரு ஆபீஸ்லயும் ஃபாரம் வாங்க மாட்டேங்கிறாங்க லா."

அவர்தான் பாக்கியம். ரெங்கம் பக்கத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருஷம் ஆபரேட்டர். தொழிற்சாலையை மூடியதும் தினமும் விடியற்காலை பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் துப்புரவு வேலை. ஈரத் தரையில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தது. வேலை போனது. வாடகை அறையும் போனது. கணவர் அதற்கு முன்பே போய்விட்டார். இவ்வளவையும் அவர் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தார். பல கவுண்டர்களில் சொல்லிச் சொல்லிச் சுருங்கியிருந்தது அந்தக் கதை.

வீட்டுக்கு வந்து என் கணவர் அந்தோணியிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. காரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நமக்கெதுக்கு ஜெசி இந்த சூசா? நாளைக்கு அந்தம்மா மேல ஏதாச்சும் கேஸ் இருந்தா போலீஸ் நம்ம வீட்டுக்குத்தான் வரும். உன் பாஸ் வேற ரினியூ பண்ணணும்."

சூசா என்றால் தொல்லை. அடுத்த சனிக்கிழமை பாக்கியம் அக்காவிடம், "வீட்டுக்காரர் யோசிக்கிறார்" என்றேன். நான் சொன்னது பொய். யோசித்தது நான். அக்கா தலையாட்டினார். "பரவால்ல மேடம், எல்லார் வீட்லயும் அப்படித்தான்" என்றார். அந்த 'எல்லார் வீட்லயும்' எனக்குச் செருப்படி மாதிரி விழுந்தது. ஆனாலும் முகவரியைக் கொடுக்கவில்லை.

3

முகவரிக்குப் பதிலாக என் நேரத்தைக் கொடுத்தேன். நேரத்துக்குக் கையெழுத்து வேண்டாம்.

சமூக நல அலுவலகத்துக்கு நானும் அக்காவும் போனோம். எனக்கு மலாய் இன்றுவரை சரியாக வராது. வந்த புதிதில் பார்சல்காரன் போன் செய்தபோது, 'நான் வீட்டில் இல்லை' என்று சொல்ல நினைத்து 'எனக்கு வீடு இல்லை' என்று சொல்லியிருக்கிறேன். நடுவில் 'டி' என்று ஒரே ஓர் எழுத்து விட்டுப்போனால் போதும். அவன் சிரித்த சிரிப்பு அந்தோணிக்கு எத்தனையோ வருஷம் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கப் பயன்பட்டது. அன்று கவுண்டரில் பாக்கியம் அக்கா அதே வாக்கியத்தைத் தப்பில்லாமல் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்த அதிகாரி, "முகவரி வேறு மாவட்டம். நீங்கள் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்" என்றார்.

மறுவாரம் அந்த மாவட்டத்துக்குப் பஸ் ஏறினோம். அங்கே இருந்தவர் இன்னும் மரியாதையானவர். தண்ணீர் கொடுத்தார். "இந்த முகவரியில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"யாரும் இல்லீங்க. தோட்டத்து லயத்து வீடுங்களையே இடிச்சிட்டாங்க. இப்ப அங்க செம்பனதான் நிக்குது."

"இப்போது எங்கே தூங்குகிறீர்கள்?"

"ஜொகூர் பாரு பக்கம்."

"அப்படியென்றால் அங்கேதானே விண்ணப்பிக்க வேண்டும்?" அவர் சிரமப்பட்டுத்தான் சொன்னார். அவருக்குக் கொடுத்திருக்கும் பணம் அவருடைய மாவட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்.

திரும்பும் பஸ்ஸில் பாக்கியம் அக்கா ஓர் ஆரஞ்சை உரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். "செத்துப்போனா எந்த மாவட்டத்துல எழுதுவாங்கன்னு யோசிக்கிறேன்" என்றார். நான் சுளையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

சாலைக்கும் அதே கதைதான். அதன் இந்தப் பக்கம் ஒரு நகராண்மைக் கழகம், அந்தப் பக்கம் வேறொன்று. நம் நகராட்சி மாதிரி. இந்தப் பக்கத்து ஆட்கள் காலையில் தண்ணீர்க் குழாயோடு வந்து ஐந்தடியைக் கழுவும் நாளில், படுத்திருப்பவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போவார்கள். அந்தப் பக்கம் கழுவும் நாளில் இங்கே வருவார்கள். இரண்டு பக்கமும் தங்கள் பகுதி சுத்தமாகிவிட்டது என்று அறிக்கை எழுதும். அவர்களில் ஒருவரான லிம் அங்கிள் என்ற சீனப் பெரியவருக்கு எந்தக் கிழமை எந்தப் பக்கம் என்பது மனப்பாடம். லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் இரண்டு விரல் போன கால். பாக்கியம் அக்காவுக்கு அந்த அட்டவணையைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

பணம் இல்லாமல் இல்லை. அதைத்தான் ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். நகராண்மையிடம் கழுவுவதற்குப் பணம் உண்டு. நல அலுவலகத்தில் முகவரி உள்ளவர்களுக்கு மாத உதவி உண்டு. வீட்டுவசதிப் பிரிவில் மலிவு வாடகை வீடு உண்டு, வருமானச் சான்று கொண்டுவந்தால். ஆஸ்பத்திரியில் காலை வெட்டப் பணம் உண்டு, வெட்டிய காலோடு எங்கே போவார் என்பதற்கு இல்லை. எங்களிடம் பொட்டலத்துக்குப் பணம் உண்டு. எல்லாப் பையும் இறுக்கிக் கட்டியிருந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றில் போட யாருக்கும் அதிகாரமில்லை.

4

முடிச்சை அவிழ்த்தவர் புவான் ரோஹானா. புவான் என்றால் அம்மையார். மாநில அலுவலகம் ஒன்றிலிருந்து வந்தவர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. ஒரு நாள் சாலையின் இரு பக்கத்து அதிகாரிகளையும், நல அலுவலகத்தையும், ஆஸ்பத்திரி ஆளையும், கோயில், சூராவ், சர்ச் ஆட்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். எங்கள் குழுவிலிருந்து நான் போனேன். மற்றவர்களுக்கு அன்று வேலை இருந்தது.

அவர் பேசியது சுருக்கம். மலாயில் மெதுவாகப் பேசினார், எனக்காக என்று நினைக்கிறேன். "இத்தனை பட்டியல் வேண்டாம். இந்த வட்டாரம் முழுக்க ஒரே பட்டியல். பெயரோடு. ஒவ்வொரு அலுவலகமும் கொஞ்சம் பணத்தை ஒரே பையில் போடுங்கள். இன்று காலை ஆள் எங்கே இருக்கிறாரோ அதுதான் அவருடைய மாவட்டம். முதலில் அறைச் சாவி. முகவரி, அட்டை, உதவித்தொகை எல்லாம் அந்த அறையிலிருந்து தொடங்கட்டும்."

ஒருவர், "தணிக்கையில் கேட்டால்?" என்றார்.

"என் கையெழுத்து இருக்கும். என்னைக் கேட்கட்டும்."

சாலையின் இரு பக்கமும் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டன. ஒத்துக்கொள்ளாதது யார் தெரியுமா? நாங்கள். எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் விவாதம். நம் மக்கள் போட்ட காணிக்கை நம் சர்ச்சின் எல்லைக்குள்தான் செலவாக வேண்டும் என்றார் ஒருவர். பொதுப் பையில் போட்டால் நம் பெயர் எங்கே வரும் என்றார் இன்னொருவர். மஞ்சள் டீ-ஷர்ட் போட முடியாத தர்மம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் கொஞ்சம் கொடுத்தோம், வருத்தத்தோடு.

ஆனால் அது நடந்தது. நான் கண்ணால் பார்த்தேன். ஆறாவது வாரம் பாக்கியம் அக்காவுக்கு ஓர் அடுக்குமாடியின் நாலாவது மாடியில் ஓர் அறை கிடைத்தது. சாவி கைக்கு வந்த மறுநாளே அடையாள அட்டையில் முகவரி மாற்ற எழுதிக் கொடுத்தார்கள். அட்டை வந்ததும் உதவித்தொகை. மணிக்கட்டுக்குச் சிகிச்சை. நாலு மாதத்தில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் பாத்திரம் கழுவும் வேலை. அதுவரை ஒன்றுக்கொன்று வழியை அடைத்துக்கொண்டு நின்ற கதவுகள், வரிசையை மாற்றியதும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அறையைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு பாய், ஒரு மின்விசிறி, ஜன்னலில் துணி. அக்கா உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார். நான் வெளியே நின்றேன். திறந்தார். மறுபடி தாழிட்டார்.

"என்னக்கா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஒண்ணுமில்ல ஜெசி. தாப்பா போட்டுப் பாக்கிறேன்."

அன்றுதான் முதல் முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதுவரை மேடம்.

5

பட்டியலில் அடுத்த பெயர் லிம் அங்கிள். கீழ்த்தளத்தில் அறை பார்த்தாகிவிட்டது, காலுக்காக. உரிமையாளர் சம்மதித்துவிட்டார். பாக்கியம் அக்காவே நேரில் போய், "அடுத்த வாரம் அங்கிள், சாமானெல்லாம் கட்டி வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த அடுத்த வாரம் வரவில்லை. அது சோதனை முயற்சிதானாம், தவணை முடிந்ததாம். புவான் ரோஹானாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பொதுப் பையில் மிச்சமிருந்ததைப் பிரித்து அவரவர் பைக்குத் திருப்பி அனுப்பினார்கள். யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. எல்லாம் விதிப்படி நடந்தது. எங்கள் பங்கு திரும்பி வந்ததும் குழுவில் கைதட்டினார்கள். புது டீ-ஷர்ட் அடித்தோம்.

என் மகள் ஷெரின் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். முதலில் தினமும் பாலத்தைத் தாண்டிப் போய்வந்தாள். பிறகு அங்கேயே அறை எடுத்தாள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருவாள், துணி துவைக்க. இதை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். போனிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்: "மா, நீங்க இங்க சிட்டிசன்கூட இல்ல. ஏம்மா இவ்ளோ பிஸிபாடி?"

"நீ சிட்டிசன்தானே? நீ கேளேன்."

"எனக்கு டைம் எங்க மா? நான் பி.ஆர். அப்ளை பண்ணப் போறேன், அங்க."

பி.ஆர். என்றால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி. அவள் பிறந்த நாட்டில் நான் நிற்க இடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளோ அங்கிருந்து கிளம்பிக்கொண்டிருக்கிறாள். சலவை இயந்திரம் ஓடி முடிந்ததும் அவள் துணிகளை நானே கொடியில் உலர்த்தினேன்.

6

பாக்கியம் அக்கா ஒரு நாள் லீவு போட்டுவிட்டு என் வாசலில் வந்து நின்றார். "நான்தானே அவர்கிட்ட அடுத்த வாரம்னு சொன்னேன். அவரு இன்னும் பையக் கட்டி வெச்சிருக்காரு ஜெசி. பிரிக்கவே இல்ல."

இந்தப் பக்கத்து அலுவலகத்துக்குப் போனோம். புது அதிகாரி இளைஞர், தூக்கமில்லாத கண். நான் என் மலாயில் தொடங்கினேன். அவர் மரியாதையாகவே இடைமறித்தார்: "காக், நீங்கள் இந்தியாவா?" காக் என்றால் அக்கா.

நான் ஆமாம் என்றேன்.

"மன்னிக்கணும். குடிமக்களின் மனுவைத்தான் நான் பதிவு செய்ய முடியும்."

மூன்று வருஷமாக எந்தக் கவுண்டரிலும் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்ன பாக்கியம் அக்கா, தன் அடையாள அட்டையை மேசைமேல் வைத்தார். மலாயில்தான் பேசினார். "நான் குடிமகள். முகவரி பாருங்கள், இந்த ஊர்தான். இப்போது நான் கேட்கிறேன். எனக்குக் கொடுத்த அதே வழியில் அவருக்கு ஏன் இல்லை?"

அதிகாரி அட்டையைப் பார்த்தார். "அந்தத் திட்டம் இப்போது இல்லை, மாக்சிக்." பெரியம்மா என்று அர்த்தம்.

"திட்டம் இல்ல. ஆள் இருக்காரே?"

மனுவை வாங்கிக்கொண்டார். ஏழு வாரம் கழித்து அக்காவின் முகவரிக்குப் பதில் வந்தது. மேற்படி நபர் எல்லைச் சாலையில் நடமாடுபவர், அவருடைய அட்டை முகவரியும் மறுபக்கத்தைச் சேர்ந்தது, அங்கே அணுகவும். அக்கா அடுத்த லீவைப் போட்டார். மறுபக்கத்து அலுவலகத்தில் ஓர் அம்மா, அவர்களிடம் சிறு நிதி ஒன்று உண்டு என்றும், பெரியவர் அவர்கள் எல்லைக்குள் படுத்திருந்தால் வந்து பார்த்துப் பதிவு செய்வார்கள் என்றும் சொன்னார்.

நேராக லிம் அங்கிளிடம் போனோம். முடிவெட்டும் கடை வாசலில் கட்டிய பையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலில் புதுக் கட்டு. பாக்கியம் அக்கா இரண்டு அலுவலகத்தின் கதையையும் மலாயில் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார். சந்தைத் தமிழ் கொஞ்சம் வரும் அவருக்கு. என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப சொல்லு தங்கச்சி. நா எந்தப் பக்கம் படுத்தா நா மனுசன்?"

பாக்கியம் அக்கா குனிந்து அவருடைய பையை எடுத்தார். "எந்திரிங்க அங்கிள்."

நான் அட்டைப் பெட்டிகளையும் பாயையும் எடுத்துக்கொண்டேன். நட்டநடு மத்தியானம். சிக்னலில் நாங்கள் மூவரும் நின்றோம். கார்களிலிருந்து பார்த்தார்கள். லிம் அங்கிளின் காலுக்குப் பச்சை விளக்கின் நேரம் போதவில்லை. பாதிச் சாலையில் சிவப்பு விழுந்தது. ஒரு லாரி ஹாரன் அடித்தது. பாக்கியம் அக்கா உடைந்து தேறிய கையை உயர்த்தி அதை நிறுத்தினார். மறுபக்கத்து ஐந்தடியில் ஒரு பூட்டுக்கடைக்குப் பக்கத்தில் பாயை விரித்துக் கொடுத்தோம். அவர் படுத்துப் பார்த்தார். "இங்க காத்து கம்மி" என்றார்.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. அந்தப் பக்கத்து அலுவலகத்திலிருந்து இன்னும் யாரும் வந்து பார்க்கவில்லை. பாக்கியம் அக்கா வேலை முடிந்து தினமும் அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். கீழ்த்தள அறையில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

நேற்று எனக்கு ஒரு போன் வந்தது. இந்தப் பக்கத்து அலுவலகத்தின் அந்த இளைஞர். குரலில் உண்மையான மகிழ்ச்சி.

"காக், அந்தப் பெரியவரை நீங்கள்தான் அழைத்துப் போனீர்கள் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப நன்றி. எங்கள் பகுதியில் இப்போது யாருமே இல்லை. மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டோம்."

நான் பழக்கத்தில் "சாமா-சாமா" என்று சொல்லிவிட்டேன். பரவாயில்லை என்று அர்த்தம்.